கித்துள்கலவுக்குப் போன இரண்டு பயணங்கள்

2024 ஜனவரியில் ஓர் இரவு. இஷாத் தொழுது, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் இளைய மகள் கையில் ஒரு கொப்பியோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"உம்மா, நான் ஒண்டு கேக்கப் போறேன். கேட்ட உடனே ஏலாது எண்டு செல்லக் கூடாது."

"என்னது?"

"கித்துள்கலவுக்கு ஒரு நாள் பயணம் போவோம். நம்மட வீட்டாக்கள், மாமி வீட்டாக்கள், எல்லாரும்."

கேட்ட உடனே நான் "ஏலாது" என்றுதான் சொன்னேன்.

அவள் மாமி என்றது என் கணவரின் தங்கையை. எனக்கு மச்சி. அக்குறணையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். நாங்கள் மாவனல்லைப் பக்கம். இரண்டு குடும்பமும் சேர்ந்து பயணம் போவது புதிதல்ல. நுவரெலியா போயிருக்கிறோம், காலி போயிருக்கிறோம், ஒரு முறை திருகோணமலைக்கும் போனோம். ஆனால் கித்துள்கல என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லித் தட்டிவிடுவேன். மழைக்காலம், அட்டை கடிக்கும், பாதை வளைவு கூட, எனக்குத் தலை சுற்றும். இப்படி இருபது வருடமாக எத்தனையோ சாட்டுகள். உண்மையான காரணம் எனக்கும் மச்சிக்கும், மர்ஹூமாவாகிவிட்ட என் மாமியாருக்கும் மட்டுமே தெரிந்தது. அதிலும் ஒரு பகுதி எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கித்துள்கலவைப் பார்க்காத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில், யட்டியாந்தோட்டையைத் தாண்டிய பிறகு வரும் சின்னஞ்சிறு பட்டணம் அது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் மலையும் காடும், மறு பக்கம் களனி கங்கை. கித்துள் மரமும், சிங்களத்தில் 'கல' என்று சொல்லும் பாறையும் சேர்ந்த பெயர். இரண்டுக்கும் அங்கே குறைவில்லை. கொழும்பில் இருக்கும் சகோதரிகள் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி இந்தக் கங்கையின் தண்ணீர்தான். ஆனால் கொழும்புக்குக் கிட்ட மண்நிறமாக, சோம்பலாக ஓடும் அந்தக் கங்கையை நினைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஆளே மாறிப்போயிருப்பதைக் காண்பீர்கள். பாறைகளில் மோதி நுரை தள்ளி, இரைச்சலோடு பாயும். 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தின் பாலத்தை இங்கேதான் கட்டினார்கள், படத்துக்காக இங்கேதான் தகர்த்தார்கள். இப்போது வெளிநாட்டவர்கள் மட்டுமல்ல, நம் ஊர்ப் பிள்ளைகளும் காற்றடித்த றப்பர்ப் படகில் ஏறி அந்த நுரைக்குள் பாய்ந்து போக வருகிறார்கள்.

நாங்கள் முதல் தடவை போனது 2004 ஆகஸ்டில். வாடகை வேன் ஒன்றில் பதினேழு பேர். எனக்கு மூத்த மகன் மட்டும்தான் அப்போது, மூன்று வயது. மச்சிக்குப் பத்தொன்பது வயது, நிச்சயார்த்தம் முடிந்திருந்த நேரம்.

அந்தப் பயணத்துக்கு நாங்கள் செய்த ஆயத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முந்தின நாள் அஸருக்கே வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டோம். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், கத்தரிக்காய் மோஜு, அன்னாசி அச்சாறு. வழியில் சாப்பிட பாணும் சீனிச்சம்பலும் கட்லட்டும். மாமியார் வட்டிலப்பம் அவித்து இரண்டு டின்னில் வைத்தார். வேன் குலுங்கினால் உடைந்துவிடும் என்று வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டும் வந்தார். தேத்தண்ணிப் பிளாஸ்க் மூன்று. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். பாய், தொழுகை விரிப்பு, பிள்ளைக்கு மாற்றுடுப்பு ஐந்து ஜோடி. எல்லாம் எழுதி, ஒன்றொன்றாக அடையாளம் போட்டு ஏற்றினோம். உப்புக்கூட மறக்கவில்லை என்று பெருமைப்பட்டோம். ஆற்றைப் பற்றி மட்டும் அந்தக் கடதாசியில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

அங்கே போய் இறங்கியதும் ஆண்கள் ஊரார் குளிக்கும் துறையில் இறங்கிவிட்டார்கள். மணலும் கூழாங்கல்லுமாக, இடுப்பளவு தண்ணீர். நாங்கள் எப்படி அங்கே இறங்குவது? மாமியார் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆம்புளைகள் இல்லாத இடமாப் பாருங்க" என்றார். மேல்பக்கம் நடந்தோம். ஒரு வளைவு தாண்டி மூங்கில் பற்றை. அதன் பின்னால் வீடளவு பாறைகள் இரண்டு, நடுவில் பச்சைப் பசேலென்று அசைவில்லாத தண்ணீர். ஒரு மனிதர் கிடையாது. நமக்கென்றே ஒதுக்கி வைத்த இடம் என்று சந்தோஷப்பட்டோம். இவ்வளவு அழகான இடத்தில் ஏன் ஒருவரும் குளிக்கவில்லை என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

நம் பெண்கள் ஆற்றுக்குப் போனால் இப்படித்தான் நடக்கிறது. நாங்கள் இடத்தைத் தேடுவது தண்ணீரைப் பார்த்தல்ல, கண்களைப் பார்த்து. யார் கண்ணும் படாத இடம் எதுவோ அதுதான் நல்ல இடம். யார் கண்ணும் படாத இடத்தில் ஆபத்து வந்தாலும் யார் கண்ணிலும் படாது.

அரை மணித்தியாலம் நன்றாகத்தான் இருந்தது. மச்சி அபாயாவோடேயே இறங்கியிருந்தார். நான் கரையோரமாக நின்று தலைத்துண்டைக் கழற்றிப் பிழிந்து ஒரு கல்லில் விரித்துவிட்டு, முடியை அலசிக்கொண்டிருந்தேன். மழை இல்லை. நல்ல வெயில். ஒரு சின்னக் கல்லில் எல்லாருடைய செருப்புகளையும் வரிசையாக வைத்திருந்தோம். அதில் ஒரு செருப்பு மிதந்து போவதைக் கண்டு, "பாருங்க, யாரோட செருப்பு?" என்று சிரித்தது நான்தான். செருப்பு ஏன் மிதக்கிறது என்று யோசிக்கவில்லை. தண்ணீர் ஏறியிருந்தது. முழங்காலளவு நின்றது தொடையளவு வந்திருந்தது.

மச்சி செருப்பைப் பிடிக்க ஓரடி வைத்தார். பாசிக்கல். அவ்வளவுதான். நனைந்த அபாயா எவ்வளவு பாரம் என்று உடுத்தித் துவைக்கும் நமக்குத் தெரியும். அது காலைச் சுற்றிக்கொண்டது. ஆள் பாறைக்கு அங்கால் போய்விட்டார். ஒரு கை மட்டும் தெரிந்தது.

இங்கேதான் நான் இருபது வருடம் யாருக்கும் சொல்லாதது இருக்கிறது. வளைவுக்குக் கீழே என் கணவரும் மற்ற ஆண்களும் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் குரல் வருவதற்கு முன்னால் என் கை கல்லில் விரித்த தலைத்துண்டைத் தேடியது. அவர்கள் ஓடி வருவார்களே, வேன் சாரதியும் வருவாரே, நாங்கள் எல்லாரும் இந்தக் கோலத்தில் நிற்கிறோமே என்று. அது எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. ஐந்தாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம்.

கத்தியது நான் அல்ல. கீழே அக்கரையோரம் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண்மணி. அவருடைய மகன், பதினான்கு பதினைந்து வயதிருக்கும், நீளமான மூங்கில் தடி ஒன்றோடு பாறை பாறையாகத் தாவி வந்து நீட்டினான். அல்லாஹ்வின் கிருபை, மச்சி அதைப் பிடித்துக்கொண்டார். முழங்காலில் ஒரு வெட்டு, தொண்டைக்குள் போன தண்ணீர், அவ்வளவோடு கரைக்கு வந்தார். "எத்தன நான்ன எப்பா, நங்கி!" என்று அந்தப் பெண்மணி அழுகையும் ஏச்சுமாகச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. அந்த இடத்தில் ஊரார் யாருமே குளிப்பதில்லையாம். அந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

மாமியார் நடுங்கிக்கொண்டே ஒரு கட்டளை போட்டார். "ஆம்புளைகளுக்குச் செல்லத் தேவல்ல. செல்லினா இனி ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க." நாங்களும் சொல்லவில்லை. கல்லில் வழுக்கி விழுந்து முழங்கால் வெட்டியது என்று முடித்துவிட்டோம். நெய்ச்சோற்றை எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு பிடி இறங்கவில்லை.

சரி, 2024க்கு வருகிறேன். நான் "ஏலாது" என்றதும் மகள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கொப்பியைத் திறந்து வைத்து, "காரணம் செல்லுங்க, எழுதிக்கொள்றேன்" என்றாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை. பதிலுக்கு என்னிடம் சாட்டு இருந்ததே தவிரக் காரணம் இருக்கவில்லை. நாங்கள் கூட்டிப் போகாவிட்டால் நாளைக்குச் சிநேகிதிகளோடு போவாள், அல்லது கலியாணம் முடித்து மாப்பிள்ளையோடு போவாள். அப்போது அவள் தேடுவதும் யாரும் இல்லாத ஒரு வளைவாகத்தான் இருக்கும். இந்த எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சி வீட்டுக்கு வந்தார். குசினியில் இரண்டு பேருமாக இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தோம். உரலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "மச்சி, அண்டைக்கு நான் உடனே கத்தல்ல. முதல்ல என்ட ஸ்கார்பத் தேடினேன். என்னை மன்னிச்சிடுங்க."

மச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் மதினி. நான் கண்டேன்" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு கையாலதான் கல்லப் புடிக்கப் பாத்தேன். மத்தக் கையால என்ட ஸ்கார்பப் புடிச்சிட்டு இருந்தேன், தண்ணி கழட்டிட்டுப் போகாம. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா அந்தளவு தூரம் போயிருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் அழுதோம். இடியப்பம் தட்டில் காய்ந்துபோனது. உயிர் போகும் நேரத்தில் மார்க்கம் நம்மிடம் கேட்காத ஒன்றை நாமே நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அந்த வயதில் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு என் கணவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகு நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இதை ஏன் அப்பவே செல்லல்ல?" என்றார். மாமியாரின் பயத்தைச் சொன்னேன். "அது சரிதான், கூட்டிப் போயிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். மனிதர் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு மகளின் கொப்பியில் ஆயத்தம் தொடங்கியது. இந்த முறை முதல் பக்கத்தில் ஆறு.

களனி கங்கை நாம் நினைப்பது போல மழைக்கு மட்டும் ஏறி இறங்கும் ஆறு அல்ல. மலைப் பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கித்துள்கலவுக்கு மேலே சேர்ந்துதான் இந்தக் கங்கையாகின்றன. அந்த இரண்டையும் மேலே மவுசாக்கலையிலும் காசல்ரீயிலும் அணைக்கட்டி நீர்த்தேக்கமாக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து நோட்டன், கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கித்தான் தண்ணீர் கீழே வருகிறது. ஆகவே மின்சாரத்துக்காக மேலே தண்ணீர் விட்டால், கீழே கொதிக்கும் வெயிலிலும் ஆறு ஏறும். மேலே மலையில் பெய்யும் மழை நம் தலையில் ஒரு துளி விழாமலே காலடியில் வந்து நிற்கும். 2004இல் எங்கள் செருப்பைத் தூக்கியது இதில் எதுவோ, நாங்கள் யாரையும் விசாரிக்கவில்லை.

மாதத்தையும் மாற்றினோம். அந்தப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை ஊற்றும் காலம். ஆகஸ்டில் போனது எங்கள் முதல் பிழை. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு என்று முடிவானது. அதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் என் கணவரும் மூத்த மகனும் மோட்டார் சைக்கிளில் போய் இடம் பார்த்து வந்தார்கள். ஆற்றங்கரையில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு சிங்களக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் படி இறங்கினால் அவர்களுடைய பெண்கள் குளிக்கும் சின்னத் துறை. மணல் அடி, இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லை, ஒரு பக்கம் மூங்கில் மறைப்பு. அறையோடு சேர்த்து அன்றைக்கு அந்தத் துறையும் எங்களுக்கு மட்டும். பணம் கொஞ்சம் கூடத்தான். கோழிப் பொரியலில் மிச்சம் பிடித்தோம்.

அந்த வீட்டு அம்மா என் மகனுக்கு ஒரு கல்லைக் காட்டியிருக்கிறார். கல்லில் கறுப்பாக ஒரு கோடு. கோடு வெளியே தெரிந்தால் குளிக்கலாம். கோட்டில் தண்ணீர் தொட்டால் எல்லாரும் ஏற வேண்டும், ஐந்து நிமிடம் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. மகள் இதைக் கொப்பியில் படம் கீறி வைத்தாள்.

உடுப்பு ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. அபாயாவோடு தண்ணீரில் இறங்குவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். கடையில் விற்கும் நீச்சல் உடுப்பின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தோம். மச்சிக்குத் தையல் தெரியும். தண்ணீரை இழுக்காத, சீக்கிரம் காயும் கறுப்புத் துணி வாங்கி, கணுக்கால் வரை காற்சட்டை, முழங்கால் வரை மேலாடை, கழுத்தோடு சேர்த்துத் தைத்த தலைமூடி என்று ஏழு பேருக்குத் தைத்தார். தொங்கும் தலைப்பு இல்லை, கழன்று போக ஊசி இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கையும் தேவையில்லை.

மிச்சம் சாமான்கள் வேகமாக முடிந்தன. படகு விடும் இடத்தில் உயிர்காப்பு அங்கி வாடகைக்குக் கிடைத்தது, பிள்ளைகளுக்கு அது கட்டாயம். தடித்த நைலோன் கயிறு ஒன்று. விழுந்தவரைப் பிடிக்க யாரும் பாயக் கூடாது, கயிற்றை வீச வேண்டும் என்று மகன் எல்லாருக்கும் பாடம் எடுத்தான். உப்பும் சவர்க்காரமும் பழையபடி. சாப்பாட்டுக்கு அரைப் பக்கம்தான்: ஆளுக்கொரு வாழையிலைச் சோற்றுப் பார்சல். வட்டிலப்பம் வேண்டும் என்று இவர் கேட்டார். மாமியாரின் மடி இப்போது இல்லையே என்றேன். பிறகு அவித்துத்தான் கொண்டு போனேன்.

படகில் போகவும் வேண்டும் என்று மகள் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அதற்கு வாப்பா சம்மதிக்கவில்லை. அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விசில். இது மச்சியின் யோசனை. "கத்துறதுக்கு வெக்கம் வரும், விசிலுக்கு வெக்கமில்ல" என்றார். பெண்களில் ஒருவர் குளிக்காமல், உடுத்தபடி, விசிலோடு கல்லைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆண்கள் வீட்டு முற்றத்தில், கூப்பிடு தூரத்தில். விசில் கேட்டால் உடனே வர வேண்டும். யாரும் யாரையும் எதையும் தேட வேண்டியதில்லை.

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கேகாலை, புலத்கொஹுப்பிட்டிய, கரவனல்லை. றப்பர்த் தோட்டங்களுக்கிடையே பனி விலகாமல் கிடந்தது. யட்டியாந்தோட்டையில் தேத்தண்ணி குடித்தோம். ஆற்றின் இரைச்சல் முதன்முதல் காதில் விழுந்தபோது மச்சி என் கையைப் பிடித்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

விசிலுக்கு முறை வைத்திருந்தோம். ஆனால் மச்சி அதை யாருக்கும் கொடுக்கவில்லை. "நீங்க எல்லாரும் இறங்குங்க, நான் இருக்கேன்" என்று கரைக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கினேன். தண்ணீர் குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மகளுக்கு நீந்தத் தெரியாது, ஆனால் மிதக்கப் பழகிவிட்டாள்.

பதினொரு மணியிருக்கும். விசில் கேட்டது. நான் கல்லைப் பார்த்தேன். கோடு தெரிந்தது போலத்தான் இருந்தது. "மாமி, ஒண்டுமே இல்லையே!" என்று இரண்டு பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மச்சி நிறுத்தவில்லை, ஊதிக்கொண்டே இருந்தார். ஆண்கள் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். என் மகன் கயிற்றோடு முன்னால், இவர் துவாய்களோடு பின்னால். நாங்கள் நனைந்த கோழிகளைப் போல வரிசையாக ஏறி வந்தோம். தலையை ஒருவர், பிள்ளையை ஒருவர் எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. ஆண்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு துவாயை நீட்டினார்கள்.

கால் மணித்தியாலத்தில் அந்தக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் கல்லே இல்லை. நாங்கள் குளித்த இடத்தில் பழுப்பு நுரை சுழன்றுகொண்டிருந்தது. முணுமுணுத்த பிள்ளைகள் துவாயைப் போர்த்திக்கொண்டு மேல்படியில் நின்று பார்த்தார்கள். வீட்டு அம்மா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார்.

லுஹர் தொழுது, சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்தார்கள். நான் சாப்பிட்டதை மச்சி பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நீங்க திண்ணல்ல" என்றார். அதையும் கண்டிருக்கிறார்.

அஸர் நேரம் தண்ணீர் இறங்கி, கல் மறுபடி தலைகாட்டியது. புறப்படும் முன் தொழுதுவிட்டுப் போவோம் என்று வுழுச் செய்ய வந்தபோது, வீட்டில் குழாய் இருந்தும் மச்சி படியிறங்கினார். கடைசிப் படியில் குந்தி, முகம் கழுவி, கைகள் கழுவி, தலையைத் தடவி, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக ஆற்றில் வைத்து எடுத்தார். நான் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேல்படியில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பாய்களைக் காயப்போட்டு மூன்று நாள் போகவில்லை, மகளின் சிநேகிதியின் உம்மா ஒருவர் பேசினார். அவர்களும் கித்துள்கலவுக்குப் போகப் போகிறார்களாம், பெண்களுக்கு மறைவான இடம் எது என்று கேட்டார். இடத்தைச் சொல்லுமுன் கல்லைப் பற்றிச் சொன்னேன். பிறகு கொப்பியையே கொடுத்தனுப்பினோம். அவரிடமிருந்து அவருடைய தங்கைக்கும், அங்கிருந்து கம்பளையில் யாருக்கோவும் போயிருக்கிறது. இன்னும் எங்கள் கைக்குத் திரும்பி வரவில்லை.